நாலாவது படத்து ஆள்

ஓசூர்
4.3.1957

திரு. கரியப்பன் அவர்களுக்கு,

என் புத்தகத்துக்காக நீங்கள் மரத்தில் வெட்டிய மூன்று படங்களின் அச்சுத் தாள்களும் தபாலில் வந்தன. முதலில் என் நன்றி. பீடி லேபிளும் கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையாரும் வெட்டுகிறவர் என்று அச்சாபீஸ் ராயப்பன் உங்களைக் காட்டியபோது எனக்கு அரைமனசுதான். தாளைப் பிரித்துப் பார்த்த பிறகு எங்கள் பள்ளி ஆசிரியைகள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆப்பிரிக்காவில் கிடைத்த அந்தக் குள்ள உருவம் இரண்டு காலில் எழுந்து நிற்கிறதே, அதன் முகத்தில் ஒரு திகைப்பை வைத்திருக்கிறீர்கள். அதை நான் சொல்லவில்லை, நீங்களாக வைத்தது.

ஒரு குறை மட்டும். மூன்றாவது படத்தில் ஜாவாத் தீவு மனிதனுக்கு இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறீர்கள். அவன் வாழ்ந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் வருஷம் ஆகிறது. அவனுக்குக் கயிறு திரித்துக் கொடுத்தது யார்? தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இனி நாலாவது படம். பிரான்சு தேசத்தில் ஒரு குகையில் 1908-ல் கிடைத்த எலும்புக்கூட்டை வைத்து வரையப்பட்டது. கோட்டுப்படமும் எலும்புகளின் படமும் இணைத்திருக்கிறேன். முழங்கால் மடங்கி, முதுகு வளைந்து, கழுத்து முன்னால் தள்ளியிருக்க வேண்டும். இவன் முழுதாக நிமிராதவன், ஐந்தாவது படத்தில்தான் நாம் நிமிர்கிறோம். என் புத்தகத்தின் பெயரே ‘நாம் நிமிர்ந்த கதை’ என்பதால் இந்த நாலாவது படம் முக்கியம். பத்து வருஷமாக வகுப்பில் சொன்னதை எல்லாம் இதில் எழுதியிருக்கிறேன். பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஏப்ரல் கடைசிக்குள் போய்ச் சேரவேண்டும். காலதாமதம் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
ஜெபசீலி

*

கிருஷ்ணகிரி
13.3.1957

டீச்சரம்மா அவர்களுக்குக் கரியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

என் வேலையை இத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். பீடி லேபிளைப் பார்க்கிறவன் பீடியைத்தான் பார்ப்பான், வெட்டினவனை விசாரிக்க மாட்டான். உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அரைஞாணைச் செதுக்கி எடுத்துவிட்டேன். அரைஞாண் இல்லாத ஆம்பிளையைப் பாடையில்தான் பார்த்திருக்கிறேன் அம்மா. உயிரோடு நிற்கிறவனுக்கு எப்படி இல்லாமல் விடுவது என்று கட்டினேன். மன்னிக்கவும்.

நான் எதையும் ஆளைப் பார்க்காமல் வெட்டுவதில்லை. ஜாவாக்காரனுக்கு அணைக்கட்டில் மண் சுமக்கிற கங்கப்பனை நிற்க வைத்தேன். நாலாவது ஆளுக்கு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. உங்கள் கோட்டுப்படத்தைப் பிரித்ததும் எனக்குச் சுரீர் என்றது. அது என் வீட்டுக்காரி மாதம்மாள் நிற்கிற நிலை. அவளுக்கு முப்பத்தெட்டு வயதுதான். முடக்குவாதம் வந்து பதினோரு வருஷமாகிறது. கல்யாணத்தின்போது என்னைவிட உயரமாக இருக்கிறாள் என்று எங்கள் பங்காளிகள் முணுமுணுத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. கழுத்து எலும்பின் ஓரமெல்லாம் உதடு பிதுங்கின மாதிரி வளர்ந்திருக்கும். நீங்கள் அனுப்பிய எலும்புப் படத்தையும் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் ரொம்ப நேரம் பார்த்தேன். அந்தப் பிரான்சுக்காரனுக்கும் அதே பிதுக்கம். கடைவாய்ப் பல்லும் இல்லை. அவன் நோயாளி அம்மா. அது அவன் ஜாதியே அப்படி என்பதால் வந்த வளைவு இல்லை.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு எங்கள் தெருவைத் தோண்டி மாதம்மாள் எலும்பு மட்டும் கிடைத்தால், கிருஷ்ணகிரிக்காரர்கள் எல்லோரும் கூனர்கள் என்று எழுதிவிடுவார்களா?

அதனால் அவனை நிமிர்த்தி வெட்டியிருக்கிறேன். அச்சுத் தாள் இத்துடன் இருக்கிறது.

கரியப்பன்

*

ஓசூர்
18.3.1957

கரியப்பன் அவர்களுக்கு,

அச்சுத் தாளைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தை ஒரு நாள் ஆறவைத்துவிட்டு எழுதுகிறேன், அப்படியும் முழுதாக ஆறவில்லை.

உங்கள் மனைவியின் நோய்க்கு வருந்துகிறேன். ஆனால் இந்த எலும்புகளை வருஷக்கணக்காக ஆராய்ந்து பெரிய பெரிய புத்தகமாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வருஷமாக உலகம் முழுவதும் கல்லூரிகளில் இந்தப் படம்தான். நான் எதையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவள் இல்லை. இங்கிலாந்தில் கிடைத்ததாகச் சொன்ன ஒரு மண்டை ஓடு நாலு வருஷத்துக்கு முன் போலி என்று தெரிந்ததும், என் குறிப்பேட்டில் எட்டுப் பக்கத்தை நானே அடித்தவள். மனிதன் குரங்கின் வழி வந்தான் என்று எழுதுகிறாயா என்று எங்கள் சபைப் போதகர் வீடு தேடி வந்து கேட்டபோதும் பதில் சொல்லி அனுப்பினேன். அவருக்கே பயப்படாத என்னால், உங்கள் வீட்டு எக்ஸ்ரேக்காக ஒரு விஞ்ஞான உண்மையை மாற்ற முடியாது. படம் வெட்டுகிறவர் படம் வெட்டினால் போதும்.

நாலாவது படத்தைப் பெங்களூரில் துத்தநாகத் தகட்டு அச்சுப் பிளாக்காகச் செய்யச் சொல்லிவிட்டேன். ஐந்தாவதும் அங்கேயே ஆகும். உங்கள் பிளாக்கை அச்சில் ஏற்ற வேண்டாம் என்று ராயப்பனுக்கு எழுதியிருக்கிறேன். முதல் மூன்று படங்களுக்கு மறுபடியும் நன்றி.

ஜெபசீலி

*

கிருஷ்ணகிரி
2.11.1957

டீச்சரம்மா அவர்களுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். உங்கள் புத்தகம் பள்ளிகளுக்கு எடுக்கப்பட்டதாக ராயப்பன் சொன்னார். ஒரு பிரதியும் கொடுத்தார். இரண்டு தடவை படித்தேன். கால் முதலில் நிமிர்ந்தது, மூளை பிறகுதான் பெருத்தது என்று நீங்கள் எழுதியது எனக்குப் புதிது. நடக்கிற வேலையிலிருந்து கை விடுபட்டதால்தான் கல்லைச் செதுக்க முடிந்தது என்கிறீர்கள். இப்போது உளியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. என் வேலைக்கு இத்தனை லட்சம் வருஷத்துப் பூர்வீகம் இருக்கிறது என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்காக ஒரு கும்பிடு. இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

இனி எழுதப்போவதையும் மனசாரத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் பள்ளிக்கூடம், அதன் சுவரை ஒட்டித் தண்ணீர்ப் பைப்பு. உங்கள் புத்தகம் அந்தப் பள்ளிக்கும் வந்தது. போன மாதம் மாதம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு பைப்புக்குப் போனாள். குடம் தூக்க முடியாது, செம்பு செம்பாகக் கொண்டுவருவாள். அது அவளுக்கு ஒரு போக்கு, நாலு பேரைப் பார்க்கலாம் பேசலாம். பள்ளிக்கூடம் விட்ட நேரம். ஒரு பிள்ளை கத்தியிருக்கிறது, “டேய், நாலாவது படம் வருதுடா!” என்று. அப்புறம் எல்லாம் சேர்ந்து முழங்காலை மடக்கிக் கழுத்தை நீட்டிப் பின்னாலேயே நடந்து வந்திருக்கின்றன. வீடு வரைக்கும்.

அவள் என்னிடம் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன். உங்கள் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். ‘இவன் இன்னும் முழு மனிதன் ஆகாதவன்’ என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. மாதம்மாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அவளும் படித்துவிட்டாள்.

அதிலிருந்து வாசற்படி தாண்டுவதில்லை. தண்ணீர் நான்தான் எடுக்கிறேன். எனக்கு நீங்கள் வேலை கொடுக்காமல் போனதைப் பற்றி ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியை எடுக்க வழியிருந்தால் பாருங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கரியப்பன்

*

ஓசூர்
10.11.1957

கரியப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. பிள்ளைகள் செய்தது அநியாயம். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு இன்றே எழுதிவிட்டேன், கண்டிக்கச் சொல்லி. உங்கள் மனைவியிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் வரியை எப்படி எடுப்பேன்? புத்தகம் முந்நூறு பள்ளிகளுக்குப் போய்விட்டது. அப்படிப் போகாமலிருந்தாலும், அது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. ஒருவர் மனம் நோகிறது என்று எலும்பு சொல்வதை மாற்றினால், நாளைக்கு இன்னொருவர் மனம் நோகும் என்று வேறொன்றையும் மாற்றவேண்டி வரும். உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன். நீங்கள் என் புத்தகத்தைப் படித்த மாதிரி வேறு யாரும் படித்துச் சொல்லவில்லை. அதற்கு நன்றி.

ஜெபசீலி

*

ஓசூர்
8.6.1958

திரு. கரியப்பன் அவர்களுக்கு,

போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. போட என்ன இருந்தது அதில்? இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

விடுமுறைக்குப் பெங்களூர் போயிருந்தேன். அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்குப் பழக்கமான பெண் வேலை பார்க்கிறாள். கப்பலில் வந்த அமெரிக்கப் பத்திரிகைகளை எடுத்துப் போட்டாள். போன டிசம்பர் மாதத்து இதழ் ஒன்றில், உடற்கூறு படித்த இரண்டு பேர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பாரிஸுக்குப் போய் அந்தக் குகை மனிதனின் எலும்புகளை நேரில் பார்த்திருக்கிறார்கள்.

அவனுக்கு முடக்குவாதம். கழுத்திலும் முதுகிலும் எலும்பின் விளிம்புகள் பிதுங்கி வளர்ந்திருக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு முன் எழுதியவர் அந்த நோயைப் பார்த்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், வளைவை அந்த இனத்தின் இயல்பு என்று கொண்டுவிட்டார். மற்றவர்கள் அதையே பார்த்து எழுதினார்கள், அவர்களைப் பார்த்து நான் எழுதினேன். நோயில்லாத அவன் கூட்டத்தார் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்திருப்பார்கள் என்கிறார்கள் இவர்கள்.

உங்கள் 13.3.57 கடிதத்தை நான் வைத்திருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் எடுத்துப் படித்தேன். ‘உதடு பிதுங்கின மாதிரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையிலும் அதே ஒப்புமைதான். அவர்களுக்குக் கையில் எலும்பு இருந்தது. உங்களுக்கு நான் அனுப்பிய ஒரு துண்டுத் தாளும், பதினோரு வருஷம் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்ட அனுபவமும்தான் இருந்தன.

‘படம் வெட்டுகிறவர் படம் வெட்டினால் போதும்’ என்று உங்களுக்கு எழுதினவள் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கேள்வி கேட்டீர்கள், நான் அந்தஸ்தைப் பார்த்தேன். விஞ்ஞானம் என்று வகுப்பில் எதைச் சொல்லித் தருகிறேனோ, அதை நீங்கள் செய்தீர்கள், நான் செய்யவில்லை. என்னை மன்னியுங்கள். என் புத்தகத்தைத் திருத்த வழி காட்டியதற்கு உங்களுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள்.

இன்னொரு தவறும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஐந்து பேரையும் வரிசையில் நிறுத்தி, ஒருவன் பின்னால் ஒருவன் நிமிர்ந்து வந்ததாகக் காட்டினேன். அப்படியில்லை. குடும்பம் கிளை பிரிவது மாதிரி பிரிந்திருக்கிறார்கள். அந்தக் குகைக்காரன் நமக்குப் பாட்டனா, பாட்டனின் பங்காளியா என்பதே இன்னும் தீரவில்லை. எப்படியானாலும் சொந்தக்காரன்தான்.

நீங்கள் நிமிர்த்தி வெட்டிய பிளாக் இருக்கிறதா? அதை வைத்து ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்து, எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பி, அந்தப் பக்கத்தின் மேல் ஒட்டச் சொல்லப்போகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கத்துப் பள்ளிகளுக்கு நானே போய் ஒட்டுவேன். அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள்.

ஜெபசீலி

*

கிருஷ்ணகிரி
17.6.1958

டீச்சரம்மா அவர்களுக்குக் கரியப்பன் வணக்கம்.

கடிதத்தை உரக்கப் படித்தேன். பாதியில் நின்றுவிட்டேன், மாதம்மாள் “அப்பறம்? அப்பறம்?” என்று அதட்டினாள். பெரிய படிப்பாளியான நீங்கள் எங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்த வார்த்தை வேண்டாம் அம்மா. தப்பு என்று தெரிந்ததும் எழுதினீர்களே, அதற்கு நாங்கள்தான் நன்றி சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் உங்கள் கடிதம் கிடைத்ததும் தலைமை ஆசிரியர் பிள்ளைகளைப் பிரம்பால் விளாசிவிட்டார். அதற்கப்புறம் கேலி நின்றது. ஆனால் எங்கள் வீட்டைக் கண்டால் பிள்ளைகள் எதிர்ப்பக்கமாக ஓடுகின்றன. கேலியைவிட அதுதான் அவளை வாட்டியது. “என்னைப் பாத்தா பேயின்னு ஓடுதுங்க” என்றாள்.

நீங்கள் கேட்ட பிளாக் இல்லை. அதைச் சீவிவிட்டு மாம்பழக் கூடை லேபிளுக்கு வெட்டிவிட்டேன். நல்ல மரம், சும்மா போட மனசில்லை. புதிதாகவே வெட்டித் தருகிறேன் என்று மரத்தை எடுத்தேன். அப்போதுதான் வீட்டில் ரகளை.

மாதம்மாள் நிமிர்த்தி வெட்டக்கூடாது என்கிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. இத்தனை சண்டையும் அதற்குத்தானே என்றேன். அவளுக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும், கொஞ்ச நேரம் அதில் திட்டினாள். பிறகு தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்தாளு வளைஞ்சிதானே இருந்தான்? நோவு வந்தவன நிமித்தி வெச்சிட்டு, இவன் மனுசன்தான்னு சொன்னா, அப்ப வளைஞ்சி கெடக்கிற நானு எங்க போறது? வளைஞ்ச மாதிரியே வெட்டுங்க. சுத்தி அவன் சனங்கள நேரா நிக்க வெய்யுங்க. கடவாப் பல்லு இல்லாம அத்தினி வயசு வரைக்கும் இருந்தான்னு அந்தம்மா பொஸ்தகத்துல எழுதியிருக்கிறாங்களே, யாரு அவனுக்கு மென்னு குடுத்தது? அவங்கள போடுங்க.”

நான் மரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் அவளே சொன்னாள், “நீங்க எனக்கு ஊட்டறீங்க இல்ல, அதுமாதிரி.”

இதை உங்களுக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவளுக்கு விரல்கள் மடங்கிவிட்டன, சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியாது. ஆறு வருஷமாக நான்தான் ஊட்டுகிறேன். வெளியில் யாருக்கும் தெரியாது. உங்கள் உத்தரவு எப்படியோ அப்படி வெட்டுகிறேன்.

கரியப்பன்

*

ஓசூர்
21.6.1958

அன்புள்ள கரியப்பனுக்கு,

உத்தரவு போடுகிற யோக்கியதை எனக்கு இல்லை. மாதம்மாள் சொன்னபடியே வெட்டுங்கள்.

நான் பத்து வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். கடைவாய்ப் பல் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டு, வயது முதிர்ந்தவன் என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். சாப்பிட்டானா என்று கேட்கத் தோன்றவில்லை. யார் ஊட்டினார்கள், எப்படி ஊட்டினார்கள் என்று எந்த எலும்பும் நிச்சயமாகச் சொல்லாது, அதையும் சீட்டில் ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆனால் வேட்டையாடித் தின்னும் கூட்டத்தில், ஓட முடியாத, கடிக்க முடியாத ஒருவன் தனியாகப் பிழைத்திருக்க மாட்டான். நாம் நிமிர்ந்ததைப் பற்றி ஒரு புத்தகம் முழுக்க எழுதின நான், குனிந்து ஒருவனைத் தாங்கினார்களே, அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதை எனக்குக் காட்டியவர் மாதம்மாள். அவருக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நேரில் வந்து சொல்கிறேன்.

சீட்டில் இப்படிப் போடலாமா? ‘இவருக்கு முடக்குவாதம். முன்பு இவரை முழு மனிதன் ஆகாதவன் என்று எழுதியது நூலாசிரியரின் பிழை. இவரும் மனிதர், இவரைக் காத்தவர்களும் மனிதர்.’

அன்புடன்,
ஜெபசீலி

*

கிருஷ்ணகிரி
20.7.1958

டீச்சரம்மா,

ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது. தலை நிமிர்த்தி எழுத முடியவில்லை.

பிளாக்கில் எதையும் இடம் வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். வலது கை மரத்தில் இடது பக்கம் இருந்தால்தான் தாளில் சரியாக விழும். இருபது வருஷத் தொழில், எழுத்தையே திருப்பித் திருப்பி வெட்டுகிறவன் நான். இந்தப் படத்துக்கு மாதம்மாளைச் சுவரோரம் உட்கார வைத்து, எதிரே கண்ணாடியைச் சாய்த்து, ஊட்டுகிற மாதிரி கையை நீட்டி, நானே என்னைப் பார்த்து வெட்டினேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டினதில் கண்ணாடியே ஒரு தடவை மாற்றிக் காட்டுகிறது என்பதை மறந்து, நடுவில் கையை மட்டும் நானும் இன்னொரு தடவை மாற்றிவிட்டேன். ராயப்பன் முந்நூற்றிருபது சீட்டும் அச்சடித்துக் கட்டிவைத்த பிறகுதான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

அந்த ஆள் இடது கையால் ஊட்டுகிறான் அம்மா! நோயாளிக்கு, அதுவும் பெரியவருக்கு, எந்த வீட்டிலாவது இடது கையால் சோறு கொடுப்பார்களா? ஊரே சிரிக்கும். எல்லாவற்றையும் எரித்துவிட்டு வேறு வெட்டித் தருகிறேன். தாளும் கூலியும் என் பொறுப்பு. பதினைந்து நாள் தவணை கொடுங்கள்.

கரியப்பன்

*

ஓசூர்
24.7.1958

அன்புள்ள கரியப்பனுக்கு,

எரித்தீர்களானால் நான் உங்களோடு மறுபடியும் சண்டைக்கு வருவேன்.

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். ஊட்டுகிறவன் கையைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைத்தான் யாரும் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் இடதுகைக்காரன் ஒருவனாவது இருந்திருக்க மாட்டானா? கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கைதான் என்று நீங்களும் என்னைப் போல முடிவு கட்டிவிடாதீர்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், ஒரு வருஷமாக என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு அது.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் வருகிறேன். முதலில் உங்கள் தெருப் பள்ளிக்கு. பசை காய்ச்சிக்கொண்டு வருவேன், சீட்டு நீங்கள் கொண்டுவாருங்கள். மாதம்மாளையும் கூட்டி வாருங்கள் என்று கேட்கத்தான் ஆசை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் இஷ்டம்.

ஜெபசீலி

*

கிருஷ்ணகிரி
31.8.1958

டீச்சரம்மா அவர்களுக்குக் கரியப்பனும் மாதம்மாளும் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நீங்கள் வந்துபோய்ப் பதினைந்து நாளாகிறது. அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்று, “புத்தகத்தில் தப்பா எழுதினது நான்தான், உங்க மேல தப்பில்ல” என்று சொன்னீர்களே, தலைமை ஆசிரியர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாத்தியார் தப்பு செய்ததாகச் சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதே இல்லையாம். தெருவெல்லாம் அதே பேச்சு.

மாதம்மாள் அன்றைக்கு வரவில்லை. நீங்களே வீட்டுக்குள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். என்ன பேசினீர்கள் என்று எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள். கேட்டால், “அது பொம்பளைங்க பேச்சு” என்கிறாள். இருக்கட்டும்.

போன வியாழக்கிழமை நான் பைப்பில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினால், அவள் செம்போடு பின்னால் வந்துகொண்டிருக்கிறாள். பத்து மாதத்துக்கு அப்புறம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வெளியே வருகிற நேரம். கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்தேன், அவள் என் பக்கமே திரும்பவில்லை.

ஒரு பெண்குழந்தை மட்டும் நின்றது. சென்னம்மாள் பேத்தி. கிட்டே வந்து, “ஆயா, சீட்டுல கஞ்சி குடிக்கிறது நீங்களாமே, நெசமா?” என்றது.

மாதம்மாள் ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். பிறகு, “ஆமாங் கண்ணு, நானேதான்” என்றாள்.

“அப்ப எடது கையில குடுக்கறது யாரு?”

“தோ, கொடத்த வெச்சிக்கினு முழிக்கிறாரு பாரு, அவருதான். எனக்கு கை வராது, தெனமும் அவருதான் ஊட்டறாரு. சோத்துக்கையிலதான் ஊட்டுவாரு, படத்துல தப்பா வெட்டிட்டாரு.”

பைப்படியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. அந்தக் குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாதம்மாள் கையிலிருந்த செம்பை வாங்கித் தண்ணீர் பிடித்து வீடு வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து பிள்ளைகள். யாரும் முழங்காலை மடக்கவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவளிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆறு வருஷமாக ஊட்டுகிறேன் என்று எழுதினேன் அல்லவா, ஒவ்வொரு வேளையும் முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் ஊட்டுவேன். பெண்டாட்டிக்குச் சோறு ஊட்டுகிறவன் என்று ஆம்பிளைகள் சிரிப்பார்களே என்று. அவளுக்காகச் சாத்துகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் தட்டில் களியைப் பிசைந்து வைத்துவிட்டு வழக்கம்போல எழுந்தேன். கதவில் கை வைத்ததும், “எதுக்குச் சாத்தறீங்க? அதான் ஊருக்கே தெரியுமே, வந்து ஊட்டுங்க, பசிக்குது” என்றாள்.

திறந்தபடியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். சிலர் நின்றும் பார்த்தார்கள். அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன்.

கரியப்பன்